வாய்ப் பரிசோதனை முகாம்: வரவும் செலவும்

தோட்டப்புறத்தில் வெற்றிலைப் பை இல்லாத வீடு குறைவு. கொழுந்து மலையில் குளிருக்கும் பசிக்கும் அதுவே துணை. ஆனால் வெற்றிலையோடு சேரும் புகையிலையும் பாக்கும் வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவருகின்றன என்பதை வாசகர்கள் அறிவீர்கள். இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படுவது இந்தப் புற்றுநோய்தான். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் தரும் என உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

ஆகவே தோட்டங்களில் முகாம் வைத்து எல்லோருடைய வாயையும் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. நல்ல எண்ணமே. செலவு என்றதும் வாகனம், கையுறை, டோர்ச் லைட், வைத்தியருக்குச் சாப்பாடு எனக் கணக்கு எழுதுகிறோம். கொழுந்து பறிக்கும் பெண்ணின் செலவு அதில் வருவதில்லை. வேலை நாளில் முகாம் நடந்தால் அவருக்கு ஒரு பேர் போய்விடும், அல்லது அரைப்பேர் விழும். "வெள்ளைப் படலம் இருக்கிறது, பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போங்கள்" என்று சீட்டுக் கொடுத்தால் அடுத்த செலவு தொடங்குகிறது. சிகிச்சை இலவசம்தான். ஆனால் ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போய்வரும் பஸ் காசும், துணைக்கு வருபவரின் பேரும் இலவசம் அல்ல. அத்தோடு பயமும் சேரும். இத்தகைய படலங்களில் பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதில்லை என்று எத்தனை பேர் அவரிடம் சொல்கிறார்கள்?

இலங்கைக் கிராமங்களில் நடந்து, 1984 இல் வெளியான ஓர் ஆய்வை இங்கே நினைவுகூர வேண்டும். குறுகிய பயிற்சி பெற்ற 34 சுகாதார ஊழியர்கள் 28,295 பேரின் வாயைப் பார்த்தனர். வைத்தியர் இல்லாமலே இதைச் செய்யலாம் என அது காட்டியது. சந்தேகத்துக்குரிய அடையாளம் 1,220 பேரிடம் தெரிந்தது. அவர்களில் மறுபரிசோதனைக்குப் போனவர்கள் 660 பேர்தான். மீதி 560 பேருக்கு அந்தப் பரிசோதனையால் கிடைத்தது என்ன? கவலை மட்டுமே என்று சொன்னால் தவறாகாது.

கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 இல் தொடங்கிய பெரிய ஆய்வு இன்னொன்றைக் கற்பித்தது. 35 வயதுக்கு மேற்பட்டவர்களை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தார்கள். 2005 இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பாவிப்பவர்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 வீதம் குறைந்திருந்தது. அப்பழக்கம் இல்லாதவர்களுக்கு அப்படிப் பயன் தெரியவில்லை.

எனவே எமது கருத்து இது. லயம் முழுவதையும் வரிசையில் நிறுத்த வேண்டாம். (பெனருக்கு முன் எடுக்கும் படத்தில் கூட்டம் குறையும், அவ்வளவுதான்.) வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள், குடிக்கிறவர்கள் ஆகியோரில் 35 வயதைக் கடந்தவர்களைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையில் பாருங்கள். மிஞ்சும் பணத்தை இரண்டாவது பயணத்துக்கு ஒதுக்குங்கள். சீட்டுப் பெற்றவரின் பஸ் காசு, இழந்த பேருக்கு ஈடு, வைத்தியசாலையில் தமிழில் பேசித் துணைநிற்க ஒருவர் என மூன்றும் வேண்டும். அதற்கு வழியில்லாவிட்டால் முகாமைத் தள்ளிவைப்பதே நல்லது.

முகாம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மூன்று வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், மூன்று விரல் நுழையாதபடி வாய் இறுகுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தோட்ட மருந்தகத்தில் காட்டிச் சீட்டுக் கேளுங்கள்.