999 வருஷமும் ஆறு அடியும்

கம்பம் பள்ளத்தாக்கின் வயல்கள் முல்லைப் பெரியாற்று அணையை நம்பியிருப்பவை. 1886-ல் திருவாங்கூர் சமஸ்தானம் அதற்கு 999 வருஷக் குத்தகை எழுதிக் கொடுத்தது. 1895-ல் பென்னிகுவிக் துரை அணையைக் கட்டி முடித்தார். நம் மந்திரிகளுக்கோ ஐந்து வருஷக் குத்தகைதான். வம்பு அங்கேதான் ஆரம்பமாகிறது.

1979-ல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி தேக்கலாமென்று 2006-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே கேரள சட்டசபை அதைத் தடுக்கச் சட்டம் செய்தது. 2014-ல் அச்சட்டம் செல்லாதென்று தீர்ப்பாகி, நவம்பரில் நீர் 142 அடியைத் தொட்டது. ஆறு அடி ஏற எட்டு வருஷம்! ஆமை கேட்டால் கர்வங்கொள்ளும்.

இடையே 2011-ல் அணை உடைவதாக ஒரு சினிமா வந்தது. நம் சர்க்கார் தடை விதித்தார்கள். படத்தைத் தடுக்கலாம், பயத்தைத் தடுப்பதெப்படி? அணைக்குக் கீழே இடுக்கியில் உறங்குவோரின் அச்சம் கேலிக்குரியதன்று. தேனிக் குடியானவரின் தாகமும் அப்படியே. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பேசினால் தீரும். தேர்தல் மேடையில் ஏற்றினால் வளரும்.

லோயர்கேம்பில் 2013-ல் பென்னிகுவிக் துரைக்கு மணிமண்டபம் திறந்தார்கள். அவர் பிறந்த நாளில் ஜனங்கள் பொங்கல் வைக்கிறார்கள். 1942-ல் 'வெள்ளையனே, வெளியேறு' என்ற நாம், ஒரு வெள்ளைக்காரருக்குப் பொங்கலிடுகிறோம்! நம்மவருள் ஒருவருக்கும் அப்படிப் பொங்கலிட நமக்கு ஆசைதான். அரிசி தயார், ஆளைத்தான் காணோம்.