வளைகாப்புக்கு முன்பே

புதுச்சேரியில் வீட்டுப் பிரசவம் அநேகமாகப் பழங்கதையாகிவிட்டது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் மகளிர், குழந்தைகள் மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர் என்று நகரத்துக்குள்ளேயே பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. குழந்தை பிறந்த கையோடு பி.சி.ஜி., போலியோ சொட்டு எல்லாம் போட்டு, அட்டையில் தேதி குறித்துக் கொடுத்துவிடுகிறார்கள். நோய் எதிர்ப்பு என்பது அந்த அட்டையோடு தொடங்குகிற சமாச்சாரம் என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் எந்தத் தடுப்பூசியும் உடலில் ஏற்கெனவே இருக்கிற அணுக்களைக் கொண்டுதான் வேலை செய்கிறது. அந்த அணுக்கள் உருவாகத் தொடங்குவது கருப்பையில்; அதற்கு வேண்டிய சத்து வருவது தாயின் உடலிலிருந்து. கர்ப்பிணியின் சாப்பாட்டைப் பிறப்பு எடையோடு மட்டும் முடிச்சுப் போடாமல், தடுப்பூசியின் முதல் தவணையாகவே கணக்கில் வைக்க வேண்டும் என்பது என் வாதம்.

மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. டி அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள் தன் உடல் எது, அந்நியக் கிருமி எது என்று பிரித்தறியப் பழகுவது இங்கேதான். கருவின் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே இது வடிவெடுத்துவிடும். ஊட்டம் குறைந்தால் சட்டென்று சுருங்குகிற உறுப்புகளில் இதுவும் ஒன்று. தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போவதோ பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில். ஊட்டக்குறைவு குறைப்பிரசவத்துக்கும் ஒரு காரணம் என்பதால், குறைமாதக் குழந்தை அந்தச் சீதனத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுகிறது.

மனிதரிடத்தில் இதற்கு என்ன சான்று? மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் கெனேபா உள்ளிட்ட மூன்று கிராமங்களில் 1949 முதல் பிறப்பையும் இறப்பையும் விடாமல் குறித்து வந்தார்கள். அங்கே மழைக்காலம்தான் பஞ்ச காலம்: பழைய தானியம் தீர்ந்திருக்கும், புது விளைச்சல் வந்திருக்காது, வயலில் வேலை மட்டும் இடுப்பை ஒடிக்கும். அந்தப் பருவத்தில் பிறந்தவர்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்டு சோஃபி மூர் குழுவினர் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். சிறுவயதில் இரு பிரிவினருக்கும் வித்தியாசம் ஏதுமில்லை. 15 வயதை ஒட்டிக் கோடுகள் பிரிகின்றன. 25 வயதைத் தாண்டியபின், பஞ்ச காலத்தில் பிறந்தவர்கள் அகால மரணமடையும் வாய்ப்பு சுமார் 10 மடங்கு. இறப்புகளில் பெரும்பாலானவை தொற்றுநோயால் வந்தவை.

இங்கே கவனம் வேண்டும். செனகலிலும் வங்கதேசத்தின் மத்லாபிலும் இதையே தேடியபோது அப்படி எதுவும் தென்படவில்லை. ஆகவே காம்பியாவின் 10 மடங்கை எடுத்துவந்து நம் ஊர்மேல் பொருத்த முடியாது. நமக்கும் ஒரு வறண்ட பருவம் உண்டுதான்: ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை, அப்போது வீராம்பட்டினத்திலும் வம்பாகீரப்பாளையத்திலும் கையில் காசு குறையும். ஆனால் அரிசிக்கே வழியில்லாத நிலை அதுவல்ல. இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: ஏழைத் தாயின் பிள்ளை பிறந்த பிறகும் ஏழைதானே, கருப்பையை மட்டும் குற்றம் சொல்வானேன்? இதற்குப் பதில் ஆய்வுக்கூட எலிகளிடம் இருக்கிறது. 1982-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வில், சினை எலிகளுக்குத் துத்தநாகச் சத்தை மட்டும் குறைத்தார்கள். குட்டிகளுக்குப் பிறகு முழுத்தீனி கொடுத்தும் எதிர்ப்புக் குறைபாடு மூன்று தலைமுறைக்குத் தெரிந்தது. எலி மனிதனல்ல, ஆனாலும் பிறந்தபின் வந்த வறுமை என்று இதை ஒதுக்க முடியாது. லாகூரின் குடிசைப் பகுதியில் 1964-க்கும் 1978-க்கும் இடையே பிறந்தவர்களுக்கு வளர்ந்தபின் டைஃபாய்டு தடுப்பூசி போட்டுப் பார்த்தபோது, பிறப்பு எடை குறைந்தவர்களிடம் எதிர்ப்பொருளும் குறைவாகவே உண்டானது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியிலோ வித்தியாசமில்லை. பாதிப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழுவதில்லை. இந்த முரணாலேயே எனக்கு அந்த ஆய்வின் மேல் நம்பிக்கை கூடுகிறது.

அப்படியானால் சத்து மாத்திரை போதாதா என்று கேட்கலாம். இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரை நான்காம் மாதத்தில்தான் தொடங்குகிறது. தைமஸ் அதற்குள் உருவாகியிருக்கும். ஐந்து வகைச் சாதம் கட்டி ஊரே உபசரிக்கிற வளைகாப்பு ஏழாம் மாதம் அல்லது ஒன்பதாம் மாதம். ஆக, நம் அக்கறை எல்லாமே பிந்தித்தான் வருகிறது. மும்பைக் குடிசைப் பகுதிகளில் 6,500-க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து நடந்த ஆய்வு (2014) இதைத்தான் சுட்டுகிறது. கீரை, பழம், பால் சேர்த்த பலகாரத்தைக் கருத்தரிக்க மூன்று மாதம் முன்பிருந்தே சாப்பிட்டவர்களின் குழந்தைகள் சராசரியாக 48 கிராம் கூடுதல் எடையோடு பிறந்தன. மொத்தக் கணக்கில் பலன் அற்பம். மிக ஒல்லியான பெண்களிடம் பலனே தெரியவில்லை. எடைதான் அங்கே அளக்கப்பட்டது, எதிர்ப்பாற்றல் அல்ல. ஆனாலும் காலத்தைப் பற்றிய பாடம் தெளிவு.

இதெல்லாம் கடைசியில் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத்தானே என்ற கோபம் நியாயமானது. குடும்பத்தில் கடைசியாகச் சாப்பிடுகிறவளிடம் போய் ‘நீ சரியாகச் சாப்பிடவில்லை’ என்று சொல்வது அக்கிரமம். அதனால்தான் பொறுப்பு அரசின் பக்கம் நகர வேண்டும். 2015 செப்டம்பரில் ரேஷன் தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடத் தொடங்கிய முதல் இடங்களில் ஒன்று புதுச்சேரி. அரிசியா, பணமா என்று இங்கே வருடக்கணக்கில் சண்டை நடந்தது. வீட்டுக்குள் வந்த அரிசியும் பணமும் யார் வயிற்றுக்குப் போகின்றன என்று கேட்டவர்கள் குறைவு. மும்பை ஆய்வில் பலகாரத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பவில்லை. கொடுத்த இடத்திலேயே சாப்பிட வைத்தார்கள். தெலங்கானாவின் ஆரோக்கிய லட்சுமி திட்டமும் 2015 முதல் கர்ப்பிணிக்கு முட்டை, பாலோடு ஒரு வேளைச் சாப்பாட்டை அங்கன்வாடியிலேயே பரிமாறுகிறது. புதுச்சேரி போன்ற சின்ன ஊருக்கு இது கைக்கெட்டும் காரியம். சிக்கல் வேறிடத்தில். நேரு வீதித் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவளும், சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கிறவளும் மத்தியானம் அங்கன்வாடிக்கு வர முடியாது. அவர்களுக்கான முட்டையும் பாலும் வேலை செய்கிற இடத்துக்கே போய்ச் சேர வேண்டும், அதுவும் வயிறு வெளியே தெரிவதற்கு முன்பே.