இரண்டு சொட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

போலியோ சொட்டு மருந்து போட நர்ஸ் தேவையில்லை. குழந்தையின் வாயைத் திறக்கவைத்து, சின்னக் குப்பியைக் கவிழ்த்து இரண்டு சொட்டு விழும்படி அழுத்தினால் போதும். ஜவுளிக்கடைக்காரர் போடலாம், ஆடிட்டர் போடலாம், என்.எஸ்.எஸ். மாணவி போடலாம். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். உலகின் மிகப் பெரிய தொண்டுத் திட்டங்களில் ஒன்று இந்தச் சின்ன வசதியின் மேல்தான் எழுந்து நிற்கிறது.

போலியோவுக்கு இரண்டு வகைத் தடுப்பு மருந்துகள் உண்டு. 1955இல் வந்த ஜோனஸ் சால்க்கின் மருந்தில் இருப்பவை கொல்லப்பட்ட வைரஸ்கள். அதை ஊசியில்தான் ஏற்ற வேண்டும். சில ஆண்டுகள் கழித்து வந்த ஆல்பர்ட் சேபினின் மருந்தில் இருப்பவை பலவீனமாக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள வைரஸ்கள். வாய்வழியே போய், நிஜமான போலியோ வைரஸ் குடியேறும் அதே குடலில் இவையும் குடியேறிப் பெருகும். பின்னால் வரும் வைரஸுக்கு அங்கே இடம் கிடைக்காது. மருந்து போட்ட குழந்தையின் மலத்தின் வழியாகப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் பரவி, அதற்கும் ஓரளவு பாதுகாப்பு தரும். விலையும் மலிவு. எது சிறந்தது என்று விஞ்ஞானிகள் பல்லாண்டுகள் சண்டை போட்டார்கள். ஆனால் வாரம் ஒருநாள் கூடிச் சாப்பிட்டுப் பேசிக் கலையும் வியாபாரிகள், வக்கீல்கள், டாக்டர்கள் கொண்ட ஒரு சங்கத்துக்கு அந்தச் சண்டையே வேண்டாம். ஊசி அவர்கள் கைக்கு அடங்காது, சொட்டு அடங்கும்.

அந்தச் சங்கத்தின் பெயர் ரோட்டரி. அது இதில் இறங்கியது 1979இல். அதுவரை ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் ஊருக்கு ஏதோ செய்துகொண்டிருந்தது. எல்லாச் சங்கங்களும் சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும் என்று, அப்போதைய உலகத் தலைவரான ஆஸ்திரேலியர் கிளெம் ரெனூஃப் ஒரு திட்டம் கொண்டுவந்தார். அதன் முதல் நிதி பிலிப்பைன்ஸுக்குப் போனது. செப்டம்பர் 29 அன்று, மணிலாவை ஒட்டிய மகாட்டியில் முதல் சொட்டுகள் விழுந்தன. ஐந்து ஆண்டுகளில் 60 லட்சம் குழந்தைகள். ஒதுக்கிய தொகை 7,60,000 டாலர். வகுத்துப் பார்த்தால் ஒரு குழந்தைக்கு 13 சென்ட்கூட ஆகவில்லை.

அந்தக் கணக்கு தந்த துணிச்சலில்தான் 1985இல் ‘போலியோபிளஸ்’ பிறந்தது. 12 கோடி டாலர் திரட்டுவது இலக்கு. 24.7 கோடி சேர்ந்தது. 1988இல் ஜெனிவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, போலியோவை உலகிலிருந்தே ஒழிப்பது என்று தீர்மானம் போட்டது. அப்போது 125 நாடுகளில் போலியோ இருந்தது. ஆண்டுக்கு மூன்றரை லட்சம் குழந்தைகளை அது முடக்கிக்கொண்டிருந்தது. பின்னால் அரசுகளும் கேட்ஸ் அறக்கட்டளையும் கொட்டிய பணத்தோடு ஒப்பிட்டால் ரோட்டரியின் பங்கு சிறியது. ஆனால் மற்றவர்கள் பையைத் திறப்பதற்கு முன்னால் மேஜையில் விழுந்த பணம் அது.

இதை நம் ஊர்ச் சங்கங்களின் வழக்கமான பணிகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். தையல் இயந்திரம் வழங்கும் விழா, பள்ளிக்கூடத்துக்கு ஆர்.ஓ. குடிநீர்க் கருவி, கண் சிகிச்சை முகாம். கண் முகாமை விட்டுவிடுவோம்; அது நல்ல முறை, பின்னால் ஒரு மருத்துவமனை இருக்கிறது. ஆர்.ஓ. கருவியின் கதை வேறு. அடுத்த வருடம் அதன் ஃபில்டரை மாற்றப்போவது யார் என்று விழா மேடையில் யாரும் கேட்பதில்லை. பேனர் சில நேரம் கருவியைவிடப் பெரிதாக இருக்கும். குறை மனிதர்களிடம் இல்லை, அமைப்பில் இருக்கிறது. ரோட்டரியில் ஜூலை 1ஆம் தேதி எல்லாப் பதவிகளும் மாறும். தலைவருக்கு ஒரே ஒரு வருடம். ஒரு வருடத்தில் முடித்துப் படம் எடுத்துக்கொள்ளக்கூடிய வேலையைத்தான் அவர் மனம் தேடும். போலியோவோ நாற்பது வருடம் தாண்டியும் முடியாத வேலை.

ஒரு வருடத் தலைவர்களை வைத்துக்கொண்டு பல வருட வேலை செய்வது எப்படி? ரோட்டரி அறக்கட்டளையின் விடை, பணத்தைக் காக்கவைப்பது.

இந்த அறக்கட்டளையின் விதை 1917இல் விழுந்தது. அந்த ஆண்டுத் தலைவர் ஆர்ச் கிளம்ஃப் சொன்ன யோசனைக்கு, கான்சஸ் சிட்டி சங்கத்திலிருந்து முதல் நன்கொடையாக வந்தது 26 டாலர் 50 சென்ட். இன்று ஓர் உறுப்பினர் ஆண்டு நிதிக்கு 100 டாலர் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் உடனே செலவாகாது. விதைநெல்லைக் குதிரில் போட்டதுபோல மூன்று வருடம் முதலீட்டில் கிடக்கும். அதில் வரும் வருமானம் நிர்வாகச் செலவைப் பார்த்துக்கொள்ளும். மூன்று வருடம் கழித்து 47.5 டாலர் அவருடைய மாவட்டத்தின் கணக்குக்குத் திரும்பும். மாவட்டம் என்றால் நம் வருவாய் மாவட்டம் இல்லை, பல சங்கங்களைச் சேர்த்து ரோட்டரி வகுத்துக்கொண்ட எல்லை. இன்னொரு 47.5 டாலர் பொதுவான உலக நிதிக்குப் போகும். மீதி 5 நிர்வாகத்துக்கு.

பணம் கொடுத்தவருக்கு இது எரிச்சலாகக்கூட இருக்கலாம். ஆனால் வரவிருக்கும் ஆண்டில் கையில் எவ்வளவு இருக்கும் என்று ஒரு மாவட்டத்துக்கு முன்கூட்டியே தெரிகிறது. தொண்டு உலகத்தில் அரிதான வசதி இது. இந்த வருடம் செலவழிக்கும் ஆளுநர், அதாவது ரோட்டரி மாவட்டத்தின் தலைவர், தனக்கு முன்னால் இருந்தவர் திரட்டியதைச் செலவழிக்கிறார். தான் திரட்டுவது பெயர் தெரியாத வேறொருவர் கைக்குப் போகும்.

அடுத்தது, பணத்தைப் பெருக்கும் வழி. பன்னாட்டு மானியம் கேட்க இரண்டு சங்கங்கள் வேண்டும். ஒன்று வேலை நடக்கும் ஊரில், இன்னொன்று வேறு நாட்டில். தமிழ்நாட்டுச் சங்கத்தின் மாவட்டம் 10,000 டாலர் போடுகிறது, கனடாவின் ஒரு மாவட்டம் 10,000 போடுகிறது என்று கொள்வோம். மாவட்டங்கள் போடுவதில் 80 விழுக்காட்டை உலக நிதி சேர்க்கும், 16,000 டாலர். மொத்தம் 36,000. திட்டத்தின் மதிப்பு குறைந்தது 30,000 டாலராவது இருக்க வேண்டும் என்பதும் விதி. தையல் இயந்திர விழாக்கள் வாசலிலேயே நின்றுவிடும். அவற்றுக்குச் சிறிய மாவட்ட மானியம் தனியாக உண்டு.

இரண்டு சங்கம் என்ற நிபந்தனையைச் சம்பிரதாயம் என்று நினைத்துவிடக் கூடாது. பணம் தருகிற இடத்தில் இருப்பவருக்கு ஊர் தெரியாது. ஊரில் இருப்பவருக்குத் தன் ஊரின் மேல் கேள்வி எழாது. ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கவைக்கும் ஏற்பாடு இது. முதலில் ஊர் மக்களிடம் தேவை என்ன என்று ஆய்வு செய்து எழுதித் தர வேண்டும். பணம் தீர்ந்த பிறகு திட்டத்தை யார் நடத்துவார்கள் என்றும் எழுத வேண்டும். ஃபில்டர் மாற்றப்போவது யார் என்ற கேள்வி, விண்ணப்பத்திலேயே வந்துவிடுகிறது.

போலியோவுக்குத் தனி நிதி. அங்கே பெருக்கல் இன்னும் வேகம். ரோட்டரி திரட்டும் ஒவ்வொரு டாலருக்கும் கேட்ஸ் அறக்கட்டளை இரண்டு டாலர் சேர்க்கும் ஏற்பாடு, ஆண்டுக்கு 5 கோடி டாலர் வரை.

ஆனால் பணம் மட்டும் வைரஸை ஒழிக்காது. இந்தியாவில் ஒரு சிக்கல் இருந்தது. பணக்கார நாடுகளில் மூன்று தவணையில் வேலை செய்த சொட்டு மருந்து, இங்கே மூன்று தவணை போட்ட பிறகும் பல குழந்தைகளைக் காக்கவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் இயல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான் இதை முன்னரே சுட்டிக்காட்டியிருந்தார். நம் குழந்தைகளின் குடலில் வேறு பல வைரஸ்கள் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டிருப்பது ஒரு காரணம். மருந்து வைரஸுக்கே இடம் கிடைப்பதில்லை. வழி என்ன? கூடுதல் தவணைகள், அதுவும் ஊரில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில். வேலூரில் இப்படிச் செய்து பார்த்த முடிவுகள் 1983இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தன.

போலியோ வைரஸுக்கு மனிதனைத் தவிர வேறு வீடு இல்லை. சாக்கடை நீரில் சில காலம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு நாளில் ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குடல்களையும் மருந்து வைரஸ் பிடித்துக்கொண்டால், இயற்கையில் திரியும் ‘காட்டு’ வைரஸ் தாவிப்போக இடமின்றி அறுபட்டுப்போகும். குளிர்மாதங்களில் மற்ற குடல் வைரஸ்களின் தொல்லையும் குறைவு. அதனால்தான் முகாம்கள் அந்தப் பருவத்தில் வைக்கப்பட்டன. ஒரே நாளில் எல்லோருக்கும் என்று வைரஸின் இயல்பு கேட்டது. கடையை மூடிவிட்டு, ஆபீஸுக்குப் போகாமல் தொண்டர்கள் வரக்கூடிய நாள் ஞாயிற்றுக்கிழமை. இரண்டும் எப்படிப் பொருந்தின என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இந்தியாவில் 1995இல் நாடு தழுவி இது தொடங்கியது. உச்சத்தில் ஒரு சுற்றுக்கு 17 கோடிக் குழந்தைகள், 20 லட்சத்துக்கு மேற்பட்ட பணியாளர்கள். கூலி வாங்காதவர்களும் அதில் ஏராளம்.

பயிற்சியில்லாத கைகளுக்கேற்ப மற்றவையும் அமைந்தன. குப்பியின் லேபிளில் ஒரு வட்டம், அதனுள் வெளிர்நிறச் சதுரம். வெப்பம் படப்பட அந்தச் சதுரத்தில் உள்ள வேதிப்பொருள் கறுத்துக்கொண்டே வரும். சதுரம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் குப்பியைத் தூக்கிப் போடு. தெர்மாமீட்டர் வேண்டாம், படிப்பு வேண்டாம். 1996இல் வந்த ஏற்பாடு இது. போட்ட குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை. மறுநாள் வீடுவீடாகப் போகிறவர் விரலைப் பார்த்தால் போதும், ஏட்டைப் புரட்ட வேண்டாம்.

2009இல் இந்தியாவில் 741 குழந்தைகளைத் தாக்கிய போலியோ, அடுத்த ஆண்டு 42 பேரோடு நின்றது. கடைசிக் குழந்தை, 2011 ஜனவரி 13, மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டம். அத்தோடு முடிந்தது. 2014 மார்ச் 27 அன்று, போலியோ ஒழிந்தது என்ற சான்றிதழ் வந்தது.

ஆனால் இந்தத் திட்டம் எதன் மேல் நின்றதோ, அந்தச் சொட்டையே ஒருநாள் கைவிட வேண்டியிருக்கிறது. தடுப்பு மருந்து போட்டவர்கள் குறைவாக உள்ள இடங்களில், பலவீனமாக்கப்பட்ட வைரஸ் நெடுநாள் சுற்றித்திரிந்தால் மீண்டும் வீரியம் பெறலாம். மூன்று வகை போலியோ வைரஸில் இரண்டாம் வகை இயற்கையில் அழிந்துவிட்டதால், 2016 ஏப்ரல் 25 அன்று இந்தியா அதைச் சொட்டு மருந்திலிருந்து எடுத்துவிட்டது. அந்த இடைவெளியை அடைக்க வந்தது பழைய சால்க் ஊசிதான். தமிழ்நாட்டிலும் அது, முழு அளவில் ஐந்தில் ஒரு பங்காக, 0.1 மில்லி, குழந்தையின் கைத்தோலுக்குள் போடப்பட்டது. தோலுக்குள் ஊசி போட அனுபவப்பட்ட விரல் வேண்டும். ஜவுளிக்கடைக்காரரால் ஆகாது, கிராம சுகாதார செவிலியர்தான் போட வேண்டும். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் எஞ்சியிருக்கும் காட்டு வைரஸும் ஒழிந்து சான்றிதழ் வந்தபின், வாய்வழி மருந்தை உலகெங்கும் நிறுத்துவது என்று திட்டத்தில் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறார்கள்.