முதிர்ந்த டீசல் காரும் நமது கடமையும்

நம் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு ஏற்றிவரும் பழைய டீசல் கார், கோல்டிங்கின் குளிர்காலக் காலையில் இயங்க மறுப்பதேன்? டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தால் சூடேறும் காற்றே எரிபொருளைப் பற்றவைக்கின்றது. குளிரில் அதற்குத் துணைபுரியும் ‘குளோ பிளக்’ பழுதடைந்தாலோ, பற்றரி தளர்ந்தாலோ இயந்திரம் இயங்காது.

குறுந்தூர ஓட்டங்களால் புகைக்கரி வடிகட்டி அடைபடும். இடையிடையே ஓடென்ஸ் வரை நெடுஞ்சாலையில் ஓட்டினால், தேங்கிய கரி எரிந்து வடிகட்டி தூய்மையடையும். ‘டைமிங் பெல்ற்’ அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இயந்திரமே சிதைந்துவிடும். ஆதலால் உரிய காலத்தில் அதை மாற்றுதல் வேண்டும்.

குளிர்காலத்தில் வீதியில் தூவப்படும் உப்பு, பிரேக் குழாய்களை அரிக்கின்றது. இரண்டாண்டுக்கொருமுறை வரும் கட்டாயப் பரிசோதனைவரை காத்திராது, ஆண்டுதோறும் அவற்றைப் பார்ப்பித்துக்கொள்வோம். பின்னிருக்கையில் அமர்ந்திருப்போர் நம் செல்வங்களன்றோ!