தக்காளியின் அடி ஏன் கறுக்கிறது?

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குக் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? அந்த வருஷம் அடையாறில் இருக்கும் என் நாத்தனார், ஃப்ளாட்டின் மொட்டை மாடியில் ஆறு தொட்டி வைத்தாள். செடி தளதளவென்று வந்தது. காய் எலுமிச்சம்பழ அளவுக்கு வந்ததும் அடிப்பக்கம் கறுத்து, தோல் மாதிரி அமுங்கிவிட்டது. ஒன்றிரண்டல்ல, பறித்ததெல்லாம் அப்படி.

“மன்னி, மூணு மாசமா குழந்தையை இடுப்பில வச்சுண்டு தண்ணி ஊத்தினேன். எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சுடட்டுமா?” என்று போனில் அழாத குறை. சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று யாரோ சொன்னதில் ஒரு கிலோ சுண்ணாம்புத் தூள் வேறு வாங்கி வைத்திருந்தாள். “அதை மட்டும் போட்டுடாதே” என்றேன்.

அந்த யாரோ சொன்னது பாதி சரி. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், போய்ச் சேராததால்தான் கறுக்கிறது. ஆனால் மண்ணில் அது இல்லாமலா? நம் போர் தண்ணீரில் வெந்நீர் போடும் பாத்திரத்தைப் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அது பெரும்பாலும் சுண்ணாம்புதான்! அதே தண்ணீரைத் தினமும் தொட்டியில் ஊற்றுகிறோம். தண்ணீர் ஆவியாகிவிடும், சுண்ணாம்பு மண்ணிலேயே தங்கிவிடும். மழை அதிகமாகி மண் புளித்துப்போகும் தேசங்களுக்கு எழுதிய புஸ்தகங்கள் ‘சுண்ணாம்பு போடு’ என்கின்றன. நமக்கு வியாதியே வேறே.

மண்ணின் புளிப்பையும் காரத்தையும் அளக்கும் கணக்குக்குப் பி.எச். என்று பெயர். புதிதாக ஒன்றுமில்லை, மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கிறதே, அதுவும் இந்தச் சமாசாரம்தான். ஏழு என்றால் நடுநிலை. தக்காளிக்கு ஆறிலிருந்து ஏழுக்குள் இருந்தால் சுகம். ஏழரையைத் தாண்டினால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. நரம்பு பச்சையாக இருக்க, குருத்திலை மட்டும் மஞ்சளாகும். ஒரு டம்ளர் மண்ணை இரண்டரை டம்ளர் மழைத் தண்ணீரில் கலக்கி, அரைமணி தெளியவைத்து, பி.எச். காகிதத்தை நனைத்து நிறம் பாருங்கள். மஞ்சள்தூள் இதற்குப் போதாது. நன்றாகக் காரம் ஏறிய பிறகுதான் அது சிவக்கும்.

நாத்தனார் வீட்டு மண் எட்டைத் தொட்டது. கட்டட வேலை நடந்த இடத்தில் அள்ளிய மண்ணாம், சிமென்ட் தூள் கலக்காமல் இருக்குமா?

இன்னொரு சங்கதி. கால்சியம் தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறும். இலைகள் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடும், காய்க்கு மிச்சம் மீதிதான். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குடம் குடமாகக் கொட்டினால் அந்த மிச்சமும் போச்சு. தண்ணீரில் உப்பு அதிகமானாலும் வேரால் சரியாக உறிஞ்ச முடியாது. இதற்கு நடுவில் யூரியா போட்டால் இலை மேலும் தழைத்துக் காய்க்குப் போட்டியாகும்.

அவளை என்ன செய்யச் சொன்னேன்? தினம் காலையில் ஒரே அளவாகத் தண்ணீர். வெயில் கொளுத்தினால் சாயங்காலமும் கொஞ்சம். மண்மேல் காய்ந்த சருகு மூடாக்கு. மெட்ரோ தண்ணீரோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஊற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு டிரம் நிரப்பிக் கொசு போகாமல் துணி கட்டினால் பல நாளைக்கு வரும். மாதம் ஒரு முறை அடித்துளை வழியாக நன்றாக வழிந்தோடும்வரை நிதானமாக ஊற்றினால் தேங்கிய உப்பும் கழுவிப் போகும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் சிக்கனம் என்று செடிக்கு ஊற்றுகிறோமே, அது வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதில் வீடு துடையுங்கள்.

அடுப்புச் சாம்பலும் காரம்தான், அதுவும் வேண்டாம். முட்டை ஓடு இந்த மண்ணில் லேசில் கரையாது. காபிச் சக்கை புளிப்பு என்கிறார்கள். டிகாக்‌ஷன் இறக்கியபின் அதில் பெரிதாகப் புளிப்பு மிச்சமில்லை. மட்கவைத்துப் போட்டால் நல்ல எரு.

புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் சமமாகக் கலக்கலாம். தேங்காய் நார்க்கழிவு சேர்த்தால் இரண்டு மூன்று தண்ணீர் விட்டு அலசிவிட்டுச் சேருங்கள், அதிலும் உப்புண்டு. காரம் அதிகமான மண்ணுக்குத் தொட்டிக்கு ஒரு டீஸ்பூன் கந்தகத்தூள், நடுவதற்கு ஒரு மாதம் முன்பே. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள்தான் அதைப் புளிப்பாக மாற்ற வேண்டும், அதனால் அவசரப்படாதீர்கள். விதைக்குப் பெரியகுளம் பி.கே.எம். 1 நம் வெயிலுக்குப் பழகியது. கார்த்திகையில் நாற்று விட்டால், ராத்திரி குளிர்ச்சியாக இருக்கும் தை மாதத்தில் பூத்துக் காய் பிடிக்கும்.

நாத்தனார் செடியில் மூன்றாம் வாரம் பிடித்த காய்கள் சுத்தமாக வந்தன. கறுத்த பழைய காய்கள் தேறாது. பறித்துவிட்டால் செடிக்குப் பாரம் குறையும். இது தொற்றும் நோயல்ல. பூஞ்சணம் பிடிக்காமலிருந்தால் கறுத்த பாகத்தை அரிந்துவிட்டு மீதியைத் தாராளமாக ரசத்தில் போடலாம். அவள் வீட்டில் பதினைந்து நாள் தினம் தக்காளி ரசம்தான்!