மரமேறும் பாதுகாப்புப் பட்டியைத் தெரிதலும் உடலுக்கு அமைத்தலும்

வன்னிக் கமக்காரர் பலர் ஆண்டிற் சில நாட்களாயினும் மரமேறுகின்றனர். வேலியடைக்கவும் கொட்டில் வேயவும் ஓலை வேண்டும்; தேங்காயும் பறித்தல் வேண்டும். மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பெயர்பெற்ற பூநகரியில் வயலுக்கு அண்மையிலேயே பனைகள் நிற்கின்றன. சீவற்றொழிலாளர் காலையும் மாலையும் ஏறிப் பழகியவர். இடையிடையே ஏறும் கமக்காரருக்கு அப்பழக்கம் இல்லை. ஆகவே அவருக்கே ஆபத்து மிகுதி.

தளைநார் பாதங்களைப் பிணைத்து மரத்தைக் கவ்வ உதவுவது. கை வழுவினால் அது உடலைத் தாங்காது. உடலைத் தாங்குவது, ‘பெல்ற்’ என வழங்கும் பாதுகாப்புப் பட்டியே.

பட்டிகள் மூவகைப்படும். இடுப்பை மட்டும் சுற்றுவது ஒன்று; இடுப்பையும் இரு தொடைகளையும் சேர்த்துப் பிடிப்பது மற்றொன்று; தோள், மார்பு, தொடை அனைத்தையும் பிணைக்கும் முழுவுடற் பட்டி மூன்றாவது. இடுப்புப் பட்டி மரத்திற் சாய்ந்து நின்று வேலை செய்ய உதவுமேயன்றி விழுபவரைத் தாங்க ஏற்றதன்று. விழும் வேகம் முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் தாக்கும். தலைகீழாகி அதிலிருந்து நழுவுதலும் உண்டு. இக்காரணத்தால் அமெரிக்காவில் 1998 சனவரி 1 முதல், கட்டுமானத் தொழிலிடங்களில் விழுபவரைத் தாங்குதற்கு இடுப்புப் பட்டியைப் பயன்படுத்துதல் தடுக்கப்பட்டது. வாங்குவோர் முழுவுடற் பட்டியையே தெரிதல் நன்று. தொடைப் பட்டி 4 சதமமீற்றருக்குக் குறையாத அகலமுடையதாயும், உட்புறம் மெத்தை வைத்துத் தைத்ததாயும் இருப்பின் நெடுநேரம் உறுத்தாது. விலை குறைந்ததென்று ஒடுங்கிய நாடாவை வாங்கியவர் இரண்டாம் நாளே அதனைக் கழற்றி வைத்துவிடுவர். அணியாத பட்டியாற் பயனில்லை.

அணியுமுன் பட்டிகளை எல்லாம் தளர்த்தி, முறுக்கு நீக்குக. முதலிற் தோளில் மாட்டி, பின் இடுப்புப் பட்டியை இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்குச் சற்று மேலே இறுக்குக. அது விலாவரை ஏறினால் அளவு பெரிதென்று அறிக. தொடைப் பட்டி கவட்டுக்கு அண்மையில் அமைதல் வேண்டும். விரித்த உள்ளங்கை பட்டிக்கும் தொடைக்கும் இடையே நுழையவேண்டும். மடித்த கைமுட்டி நுழையலாகாது. மார்புப் பட்டி நடுமார்பிலும், முதுகு வளையம் இரு தோட்பட்டைகளின் நடுவிலும் நிற்கவேண்டும். சாரத்தை மடித்துக் கட்டியபடி இதனை அணிதல் கூடாது. மடிப்பு தொடையிடுக்கிற் சேர்ந்து சதையை நெரிக்கும். காற்சட்டையே தகும்.

அமைத்தபின் உறுதியான வேப்பங் கொப்பிற் கயிறிட்டு, கால் நிலத்தினின்று சற்றே உயருமளவுக்குத் தொங்கிப் பார்க்க. அருகில் ஒருவர் நிற்றல் வேண்டும். ஐந்து நிமிடத்துள் தொடை மரத்தாலும் எங்கேனும் கிள்ளினாலும் இறங்கித் திருத்துக. இச்சோதனையைச் சோம்பலால் விடுவோரே பலர். ஆயினும் நிலத்தில் உறுத்துவது முப்பது அடி உயரத்திற் தாங்கவொண்ணாததாகும்.

அசையாது தொங்குபவரின் இரத்தம் கால்களிலே தேங்கும். மயக்கமும், சில நிமிடங்களில் உயிராபத்தும் நேரலாம். ஆதலால் தனியே மரமேறலாகாது. கீழே நிற்பவர் தொங்குபவரை இறக்கும் வகையை முன்னரே அறிந்திருக்கவேண்டும். பெரிய மருத்துவமனை தூரத்திலுள்ள ஊர்களில் இது இன்னும் முக்கியமாகும்.

பனைக்கெனத் தனிக் கவனம் ஒன்று உண்டு. மட்டையின் கருக்கு வாள்போன்று நைலோன் கயிற்றை அறுக்கும். மரத்தைச் சுற்றும் கயிறு உள்ளே உருக்குக் கம்பி உடையதாயின் நன்று. இல்லையேல் தடித்த குழாயுறை இடுக. வழுவழுப்பான மரத்தில் தளர்ந்த ஒற்றைச் சுற்று வழுக்கி இறங்குமாதலின், இழுக்க இறுகும் சுருக்காக இடுதல் வேண்டும். பழைய மட்டைகளைக் கடக்கையில் இரண்டாவது கயிற்றை மேலே மாட்டிய பின்னரே முதலாவதைக் கழற்றுக. மாரியில் ஈரமும் பாசியும் படிந்த மரத்தில் ஏறாமல் விடுவதே மேல்.

தென்னைக்குக் கேரளத்துச் செம்பேரியில் உருவான ஏறுபொறி உதவும். அதனிலும் இப்பட்டியை நீக்கலாகாது.

பட்டியை வெயிலிலும், உழவு இயந்திர மின்கல அமிலத்துக்கும் களைகொல்லிக்கும் அருகிலும் வையற்க. அழுக்கடைந்தால் மென்சவர்க்கார நீரிற் கழுவி நிழலில் உலர்த்துக. ஏறுமுன் தையலையும் வளையத்தையும் விரலாற் தடவிப் பார்க்க. ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய பட்டியை, வெளியே குறை தோன்றாவிடினும், மீண்டும் அணிதல் கூடாது. மாடு கட்டவும் அதனை வைத்திருக்க வேண்டா. பின்னொரு நாள் வீட்டில் ஒருவர் அறியாது மரத்துக்கு எடுத்துச் செல்வர். இரண்டாக வெட்டி எறிந்துவிடுக.