ஒரே வார்ப்பில் பதினைந்து கார்கள்

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம் பழமொழி. தோற்றவர்க்குச் சாக்குக்கா பஞ்சம்? ஆயினும் கார்ப் பந்தயத்தில் இச்சாக்கு முற்றிலும் பொய்யன்று. நல்ல கார் கிடைத்தவர் தம்மினும் திறமை மிக்கவரை வென்றுவிடக்கூடும். அப்படியானால் வென்றது யார்? மனிதனா, எந்திரமா?

இவ்வினாவிற்கு விடை காண அமெரிக்காவில் எழுந்ததே ‘ஐராக்’ எனப்படும் சர்வதேசச் சாம்பியன்கள் பந்தயம். ரோஜர் பென்ஸ்கே முதலானோர் இதனைத் தொடங்கினர். வெவ்வேறு வகைப் பந்தயங்களில் புகழ் பெற்ற பன்னிருவரை அழைத்து, அனைவர்க்கும் ஒரே மாதிரியான காரைக் கொடுத்து ஓடவிடுவதே திட்டம். இதற்கென ‘போர்ஷே கரேரா ஆர்.எஸ்.ஆர்.’ கார்கள் 15 வாங்கப்பட்டன. பன்னிரண்டு ஓடுவதற்கு, மூன்று உபரி. அடையாளத்திற்காக வண்ணம் மட்டுமே வேறு வேறு.

1973 அக்டோபரில் கலிபோர்னியாவிலுள்ள ரிவர்சைடில் மூன்று பந்தயங்கள் நடந்தன. முதலாவதிலும் மூன்றாவதிலும் மார்க் டானஹியூ வென்றார். இரண்டாவதில் ஜார்ஜ் ஃபோல்மர். இவர்களோடு பீட்டர் ரெவ்சன், பாபி அன்சர், ஏ.ஜே.ஃபாய்ட், டேவிட் பியர்சன் ஆகிய அறுவர் இறுதிக்குத் தேர்ந்தனர். உலகச் சாம்பியன் பட்டம் பெற்றிருந்த ஃபிட்டிபால்டியும் ஹல்மும் தேறவில்லை! 1974 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் டேடோனாவில் நடந்த இறுதிப் பந்தயத்திலும் டானஹியூவே வாகை சூடினார்.

எனவே அவரே தலைசிறந்தவர் என முடிவு கட்டலாமா? சற்றுப் பொறுங்கள். 1973இல் ‘கேன்-ஆம்’ தொடரை அவர் வென்றது போர்ஷே காரில்தான். அதற்கு முந்திய ஆண்டு அதே தொடரை ஃபோல்மர் வென்றதும் போர்ஷேயில்தான். எஞ்சின் பின்னால் அமைந்த காரின் போக்கு அவர்களுக்குப் பழகியது. முன்புறம் எஞ்சின் கொண்ட கனத்த கார்களை நீள்வட்டத் தடங்களில் ஓட்டி வந்த ரிச்சர்ட் பெட்டி போன்றோர்க்கோ அது புதிது. கார் ஒன்றே, பழக்கம் ஒன்றல்ல.

பின்னர் நிகழ்ந்ததும் இதற்குச் சான்று. இரண்டாம் தொடரிலிருந்து போர்ஷே போய், அமெரிக்கக் காரான ‘காமரோ’ வந்தது. நீள்வட்டத் தடங்களும் சேர்ந்தன. காலப்போக்கில் அத்தடங்களே மிகுதியாயின. அப்போது வெற்றி மாலைகள் டேல் எர்ன்ஹார்ட், மார்க் மார்ட்டின் போன்ற ‘நாஸ்கார்’ வீரர்களின் கழுத்தை நாடின. மார்ட்டின் ஐந்து முறை பட்டம் வென்றார். 2006ஆம் ஆண்டோடு இத்தொடர் முடிவுற்றது.

முதல் தொடரின் பின்கதை துயரமானது. இறுதிப் பந்தயம் முடிந்த மறுமாதமே ரெவ்சன் தென்னாப்பிரிக்காவில் பயிற்சியின்போது உயிரிழந்தார். ஓய்வு பெற்றுவிட்டு மீண்டும் களம் புகுந்த டானஹியூ, 1975 ஆகஸ்டில் ஆஸ்திரியாவில் பயிற்சியின்போது நேர்ந்த விபத்தால் மாண்டார். இருவரும் அளக்கப் புகுந்த திறமையின் விலை அத்தகையது.

நண்பர்களே, நமக்கும் தேர்வு மண்டபத்தில் ஒரே வினாத்தாள்தான். ஆனால் அதற்கு முந்திய ஆண்டுகள் அனைவர்க்கும் ஒன்றா? கருவியைச் சமமாக்குவது எளிது. பயிற்சியைச் சமமாக்குவதே அரிது. அதையும் செய்த பிறகன்றோ ‘நீ தோற்றாய்’ என ஒருவனை நோக்கிச் சொல்லும் உரிமை நமக்கு வரும்!